கடலூர் உழவர் சந்தையில் எந்த மாதம் எந்த ஊர்ச் சரக்கை வாங்குவது?

மஞ்சக்குப்பத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டிருந்தார்: "இம்பீரியல் ரோட்டில் இருக்கும் உழவர் சந்தைக்குப் போய் வருகிறோம். அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் விவசாயிகள்தானா? எந்த மாதம் எதை நம்பி வாங்கலாம்? வெளியே ரோட்டோரம் கூடை வைத்திருப்பவர்களிடம் வாங்குவது சரியா?" மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதால் சேர்த்தே பதில் சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

சந்தைக்குள் போனதும் எல்லோரும் விலைப்பலகையைத்தான் பார்க்கிறார்கள். அதைப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் காயைக் கையில் எடுக்கும்முன் "எந்த ஊரு அக்கா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கடலூர் சுற்றுவட்டாரத்தில் இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலே காயைப் பற்றி முக்கால்வாசி சொல்லிவிடும். காரணம், நம் பக்கத்து மண். மேற்கே பண்ருட்டி, காடாம்புலியூர் வரைக்கும், இங்கே ஊரை ஒட்டிக் கேப்பர் மலை மேலேயும் செம்மண். தென்பெண்ணை, கெடிலம் இரண்டின் கரையோரமும் வண்டல். தெற்கே சேத்தியாத்தோப்பு, காட்டுமன்னார்கோவில், சிதம்பரம் பக்கம் போனால் வீராணம் ஏரித் தண்ணீர் பாயும் நெல் வயல். செம்மண்ணில் பலா, முந்திரி, வாழை, மல்லாட்டை (நிலக்கடலை) வரும். ஆற்றோரத்தில் கத்தரி, வெண்டை, முள்ளங்கி, கீரை வரும். வயல்காட்டில் அறுவடை முடிந்ததும் ஈரத்தில் விதைத்த உளுந்தும் பயறும் வரும். ஊர்ப்பெயர் தெரிந்தால் காய் எத்தனை மணி நேரத்துக்கு முன் பறித்தது என்பதும் தெரிந்துவிடும். ராமாபுரம், வெள்ளக்கரை என்று சொன்னால் அன்று காலையிலோ முந்தின நாள் சாயங்காலமோ பறித்ததாக இருக்கும்.

முதல் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் தொடங்கப்பட்டது. அப்போது மு. கருணாநிதி முதலமைச்சர். பஞ்சாபில் அப்னி மண்டி, ஆந்திராவில் ரைது பஜார் என்று அதற்கு முன்பே இதேபோன்ற சந்தைகள் இருந்தன. சரியாக ஒரு வருடத்தில் பல்லாவரத்தில் நூறாவது சந்தை திறந்தார்கள். நடைமுறை இதுதான்: நிலம் வைத்துப் பயிர் செய்கிறவர் சிட்டா, அடங்கல் என்ற நில, பயிர் ஆவணங்களைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அதிகாரிகள் நிலத்தைப் பார்த்து, என்ன பயிர் இருக்கிறது என்று எழுதி, படம் ஒட்டிய அடையாள அட்டை கொடுப்பார்கள். கடைக்கு வாடகை கிடையாது. தராசும் சந்தையிலேயே கொடுப்பார்கள், விற்று முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். விலையை ஒவ்வொரு நாள் காலையிலும் சந்தை நிர்வாகம்தான் வைக்கிறது. மொத்த விற்பனை விலைக்கு ஏறத்தாழ 20 சதவீதம் மேலே, வெளிக்கடை விலைக்கு ஏறத்தாழ 15 சதவீதம் கீழே என்பதுதான் இதில் கணக்கு. விவசாயிக்கு மண்டிக் கமிஷன் மிச்சம், வாங்குகிறவருக்குக் கடைக்காரர் லாபம் மிச்சம். அதனால்தான் அங்கே பேரம் பேசாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்கிறோம் என்றால், ஏற்கெனவே நமக்காகக் குறைத்து வைத்த விலையிலிருந்து மறுபடி பிடுங்குகிறோம் என்று பொருள்.

சரி, எல்லோரும் விவசாயிகளா? இல்லை. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு எதுவும் கடலூர் வெயிலில் விளையாது. அவை மலைப்பக்கத்திலிருந்தும் ஓசூர் பக்கத்திலிருந்தும் வரும் சரக்கு. மக்கள் ஒரே இடத்தில் எல்லாம் வாங்க வேண்டும் என்பதற்காக அதற்கென்று தனிக்கடைகளை உழவர் சந்தைகளில் அனுமதித்திருக்கிறார்கள். அதில் ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. சங்கடம் எங்கே என்றால், மண்டியில் மூட்டையாக எடுத்துவந்து விவசாயி இடத்தில் பிரித்து வைக்கும்போதுதான். இது எல்லா ஊர்ச் சந்தையிலும் உள்ள தொல்லை. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. சொந்தத் தோட்டத்துக் கூடையில் இரண்டு மூன்று வகைதான் இருக்கும். கத்தரி ஒன்று பெரிதாக, ஒன்று சின்னதாக, ஒன்று வளைந்து கிடக்கும். கீரைக் கட்டு வாழைநாரால் கட்டியிருக்கும், வேரில் மண் ஒட்டியிருக்கும். ஒரே ஆளிடம் பத்துப் பன்னிரண்டு வகைக் காய், எல்லாம் ஒரே அளவில், பிளாஸ்டிக் டிரேயில் இருந்தால் அது மண்டிச் சரக்கு. பயிர் வைத்தவரிடம் "நட்டு எத்தனை நாள் ஆச்சு, இன்னும் எத்தனை பறிப்பு வரும்?" என்று கேட்டால் உடனே பதில் வரும். சொல்லப்போனால் அதற்குப் பிறகு அவரே நிறுத்தாமல் பேசுவார். தோட்டத்தைப் பற்றி யாராவது கேட்பது அவர்களுக்கு அவ்வளவு சந்தோஷம்.

இனி மாதங்கள். நான் தமிழ் மாதத்திலேயே சொல்கிறேன், பட்டம் (விதைக்கும் பருவம்) பார்த்து விதைப்பவர்களின் பேச்சு அதில்தான் ஓடுகிறது.

புதிதாக வந்தவர் சந்தையைப் பார்க்க வேண்டிய நேரம் மார்கழிக் கடைசியும் தையும். மழை விட்டு, நிலத்தில் ஈரம் இருந்து, வெயிலும் கடுமையாக இல்லாத காலம் அது. அவரையும் மொச்சையும் அப்போதுதான் குவியும். நாட்டு அவரை, நாட்டு மொச்சை இரண்டும் பகல் பொழுது சுருங்கினால்தான் பூக்கிற ஜாதி. ஆடியில் விதைத்தாலும் ஐப்பசிக்கு மேல்தான் பூ எடுக்கும், காய் மார்கழி, தையில் வரும். வருடம் முழுதும் கிடைக்கிற அவரை பருவத்தைப் பார்க்காமல் காய்க்கும்படி உருவாக்கிய ரகம். மணத்தில் இரண்டும் ஒன்றல்ல. பொங்கலுக்கு முந்தைய வாரம் பரங்கி, சேனை, கருணை, சர்க்கரைவள்ளி, மஞ்சள் கொத்து எல்லாம் வந்து இறங்கும். பன்னீர்க் கரும்பு பாலூர், நடுவீரப்பட்டு, பத்திரக்கோட்டை பக்கமிருந்து வரும். ஆவணி, புரட்டாசியில் விழுந்த பனங்கொட்டையைப் புதைத்து வைத்து, தையில் தோண்டி எடுக்கும் பனங்கிழங்கும் அதே வாரத்தில் கட்டுக்கட்டாக வரும். கத்தரிக்கும் இதுதான் நல்ல காலம். பாலூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து வந்த பிஎல்ஆர் கத்தரி ரகங்கள் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பழகியவை. சிதம்பரத்துக் கொத்சு செய்ய நினைத்தால் இந்த இரண்டு மாதத்துக் கத்தரியில் செய்து பாருங்கள், பங்குனிக் கத்தரியில் அந்த ருசி வராது.

மாசி பிறந்தால் முந்திரி. இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். பண்ருட்டிக் கடைகளில் வருடம் முழுதும் விற்கிற முந்திரிப் பருப்பெல்லாம் பண்ருட்டி மரத்தில் காய்த்ததல்ல. இங்கே உடைக்கும் ஆலைகளுக்கு உள்ளூர் விளைச்சல் போதாது, ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து கொட்டை இறக்குமதியாகிறது. உடைப்பது, தோல் நீக்குவது, தரம் பிரிப்பது எல்லாம் இங்கே நடக்கும். அதிலும் நல்ல பருப்பு உண்டு, மோசம் என்று சொல்ல மாட்டேன். உள்ளூர்க் கொட்டைதான் வேண்டும் என்றால் பங்குனியிலிருந்து வைகாசி வரைக்குமான அறுவடைக் காலத்தில், புதுக்கொட்டையா என்று கேட்டு வாங்குங்கள். கடையில் டபிள்யூ 240, டபிள்யூ 320 என்று சொல்வது ஒரு பவுண்டில் எத்தனை முழுப்பருப்பு நிற்கும் என்ற கணக்கு. எண் சிறிதானால் பருப்பு பெரிது, விலையும் பெரிது. பாயசத்துக்கும் பொங்கலுக்கும் பிளவுப் பருப்பு போதும், அதே ருசிதான்.

இதைவிட முக்கியமானது பச்சை முந்திரி. கொட்டை முற்றுவதற்கு முன் பறித்து, கீறி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பருப்பை எடுத்து விற்பார்கள். மாசி, பங்குனியில் சில வாரங்கள்தான் கிடைக்கும். அந்தக் கொட்டையின் ஓட்டில் இருக்கும் பால் கையில் பட்டால் தோல் பொத்துப்போகும். உரிக்கிற பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் அதன் விலையைப் பற்றிப் பேச மாட்டார்கள். உரித்ததையே வாங்குங்கள், வீட்டில் குழந்தைகளை வைத்துக்கொண்டு உரிக்க முயல வேண்டாம். தேங்காய் அரைத்துவிட்டுக் குழம்பாகவோ, கத்தரியோடு சேர்த்துக் கூட்டாகவோ செய்யலாம். முந்திரிப்பழமும் அப்போது கூடையில் வரும், உப்புத் தொட்டுச் சாப்பிடுவார்கள். ஒருநாள் தாங்காது, அன்றே தின்றுவிட வேண்டும்.

பங்குனி, சித்திரையில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை பிடுங்குவார்கள். மண்ணோடு வரும் பச்சை மல்லாட்டையை வாங்கி உப்புப் போட்டு வேகவைத்தால் சாயங்காலத்துக்கு வேறு தின்பண்டம் தேவையில்லை. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் விஆர்ஐ ரகங்கள் இந்த மாவட்டத்தில் நிறையப் பேர் போடுகிறார்கள். தர்ப்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, நுங்கு பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, வெயிலே சொல்லிவிடும்.

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும் பலா. பண்ருட்டிப் பலாவுக்கும் முந்திரிக்கும் 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீட்டைவிட, இந்தப் பலா பட்ட பாடு தெரிந்தால் அதை வேறு மாதிரி மதிப்பீர்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. தாத்தா வைத்த மரம், அதற்கும் மூத்த மரம் எல்லாம் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தன. முந்திரித் தோப்புகள் தரையோடு போயின. நெல் போனால் அடுத்த பட்டத்தில் மீளலாம். பலா ஒட்டுக்கன்று வைத்தால்கூடக் காய்க்க ஐந்தாறு வருடம், விதைக்கன்று என்றால் இன்னும் கூடும், பழைய மரம் மாதிரி காய்ப்புக்கு வர ஒரு தலைமுறை ஆகும். இன்று நீங்கள் வாங்கும் பழங்களில் நிறைய அந்தப் புயலுக்குப் பிறகு நட்ட மரங்களுடையவை. மறுபடியும் குழி வெட்டி நட்டார்களே, அந்த மனசுக்காகவே நான் பண்ருட்டிப் பழத்தைத் தேடி வாங்குகிறேன்.

வாங்கும் விதம்: முழுப்பழம் என்றால் முள்ளைப் பாருங்கள். முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தால் இன்னும் முற்றவில்லை. முள் விரிந்து, நுனி மழுங்கியிருந்தால் முற்றியது. விரலால் தட்டினால் முற்றிய பழம் பொத்தென்று சத்தம் கொடுக்கும், காய் கெட்டியாக ஒலிக்கும். மணம் வந்துவிட்டால் அன்றோ மறுநாளோ அறுத்துவிட வேண்டும். முற்றாமல் வெட்டிய பழம் எத்தனை நாள் வைத்தாலும் நிறம் மாறுமே தவிர இனிக்காது. பருவத்தின் முதல் வாரங்களில் நல்ல விலைக்காக அவசரப்பட்டு வெட்டுவது உண்டு. அதனால் வைகாசி வரை பொறுத்திருந்து வாங்குவது நல்லது, அப்போது விலையும் இறங்கியிருக்கும். சின்னக் குடும்பம் என்றால் சுளையாகவே வாங்குங்கள், கண்முன்னே அறுத்துத் தருகிறவரிடம் வாங்குங்கள். கொட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி நிழலில் காயவைத்தால் சாம்பாருக்கும் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் ஆகும். பிஞ்சுப் பலா மாசி, பங்குனியிலேயே வந்துவிடும், பொரியலுக்கு அதுதான்.

கார்த்திகை, மார்கழியில் பலா கண்ணில் பட்டால் சந்தேகப்பட வேண்டாம். பாலூர் நிலையம் பணிக்கன்குப்பத்து மரத்திலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுத்த பிஎல்ஆர் 1 என்ற ரகம் பருவம் தப்பியும் ஒரு காய்ப்புக் கொடுக்கும். எண்ணிக்கை குறைவு, விலை அதிகம்.

ஆடி, ஆவணியில் சந்தை கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். வெண்டை, கொத்தவரை, புடலை, பாகல் ஓடும். நாவல்பழம், பனம்பழம் வரும். புரட்டாசியில் காய் தின்பவர் அதிகமாவதால் விலை ஏறும். இதற்கு மேல் இந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல பெரிதாக இல்லை.

ஐப்பசியும் கார்த்திகையும்தான் கஷ்ட காலம். நம் பக்கத்து வருட மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. கீரைப் பாத்தியில் தண்ணீர் நின்றால் இரண்டே நாளில் அழுகும். முருங்கைப் பூ மழையில் கொட்டிவிடும், அதனால்தான் கார்த்திகை, மார்கழியில் முருங்கைக்காய் அந்த விலை விற்கிறது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்த இரண்டு நாளில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை கரை மீறி, கடலூர் அருகே ஆற்றோர ஊர்களுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. நாணமேடு, உச்சிமேடு என்று ஆற்று முகத்துவாரத்தில் இருக்கும் ஊர்கள்தான் இப்படி ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் முதலில் முழுகுகின்றன. அப்படியொரு வெள்ளத்துக்குப் பிறகு சந்தையில் கத்தரி விலை ஏறியிருந்தால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். அந்த மாதங்களில் கீரை கிடைக்கவில்லையே என்று தேடி அலையாமல் பூசணி, சேனை, வாழைக்காய், வாழைப்பூ, வாழைத்தண்டு என்று சமைத்துக்கொள்ளலாம். வாழை கேப்பர் மலையில் எப்போதும் உண்டு, அதையும் காற்று விட்டுவைத்தால்.

மூன்றாவது கேள்வி, ரோட்டோரக் கூடைகள். தயங்காமல் வாங்குங்கள். சொந்த நிலம் இல்லாமல் குத்தகைக்கு அரைக்காணி வைத்துப் பயிர் செய்கிறவர்களுக்குக் காகிதம் காட்டி அட்டை வாங்குவது லேசில்லை. வீட்டுக் கொல்லையில் விளைந்த பத்து முருங்கைக்காய், வேலியில் படர்ந்த முடக்கத்தான், வரப்பில் பறித்த பொன்னாங்கண்ணி, தூதுவளை, மணத்தக்காளி இவற்றைக் கொண்டுவரும் வயதான அம்மாக்களுக்குச் சந்தைக்குள் இடம் கிடையாது. ஆனால் மருந்தடிக்காத கீரை வேண்டும் என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும், யாரும் வேலிக்கு மருந்தடிப்பதில்லை. அவர்கள் எடை போட மாட்டார்கள், கூறு கட்டி வைத்திருப்பார்கள், கூறு இவ்வளவு என்று கேட்டுக் கொடுத்துவிடுங்கள். சில்லறை கொண்டு போங்கள். எல்லோரிடமும் போனில் பணம் வாங்கும் அட்டை இருக்காது. ஒரு எச்சரிக்கை மட்டும்: சாக்கடை ஓரத்திலும், கழிவுநீர் தேங்கும் குட்டையிலும் பறித்த கீரையும் சில சமயம் வரும். அதனால் இங்கேயும் அதே கேள்விதான், எங்கே பறித்தது?

புதுச்சேரிக்குப் போய் வருபவராக இருந்தால் நேரு வீதியில் இருக்கும் பெரிய மார்க்கெட்டையும் பார்க்கலாம். குபேர் அங்காடி என்று பெயர். அது வியாபாரிகள் சந்தை. பூ, மசாலா, மீன், வெளியூர்க் காய் என்று எல்லாம் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும். பாகூர் பக்கத்து விவசாயிகள் சிலர் அங்கும் போடுவார்கள், சிலர் கிட்டத்தில் இருக்கிறது என்று கடலூருக்கும் கொண்டுவருவார்கள். தினசரிக் காய்க்கு நான் கடலூர்ச் சந்தையைத்தான் சொல்வேன்.

போகும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். சந்தை விடியும்முன்பே தொடங்கிவிடும். ஆறரைக்குள் போனால் கீரையும் பிஞ்சுக் காயும் கிடைக்கும். ஒன்பது மணிக்கு மேல் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்காது, ஆனால் மீதியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போக மனசில்லாதவர்கள் மொத்தமாகக் குறைத்துக் கொடுப்பார்கள். ஊறுகாய், வற்றல் போட நிறைய வேண்டும் என்றால் அந்த நேரத்துக்குப் போங்கள், பெரிய பையாக எடுத்துக்கொள்ளுங்கள்.